51 டிகிரியில் ஹார்டு டிஸ்க்: பக்கக் கதவைக் கழற்றலாமா?

வேலூர்வாசி: 2010ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். கூண்டில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினாற்போல் கிடக்கின்றன. இரண்டுமே நிமிடத்துக்கு 7200 சுற்று. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மதியம் பார்த்தால் மேலே உள்ளது 51 டிகிரி, கீழே உள்ளது 46. அறையில் ஏசி கிடையாது, எங்கள் ஊர் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கலாமா?

தூசிதட்டி: கழற்றாதீர்கள். முன்பக்கம் நுழையும் காற்று டிஸ்க்குகளைத் தடவிக்கொண்டு பின்னால் வெளியேற வேண்டும், கேபினெட்டின் அமைப்பே அதற்குத்தான். கதவைத் திறந்தால் பின்பக்க ஃபேன் பக்கத்துத் திறப்பிலிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும். கூண்டுப் பக்கம் காற்று எட்டிக்கூடப் பார்க்காது. டேபிள் ஃபேன் வைத்தால் சூடு குறையும்தான். ஆனால் தெருப்புழுதி ஹீட்சிங்க்கில் (பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) கம்பளி மாதிரிப் படிந்துவிடும். முன்னால் 120 மிமீ ஃபேன் மாட்ட இடம் இருக்கிறதா பாருங்கள்.

கரூர்க்காரன்: ஏழு வருடமாகக் கதவே இல்லாமல்தான் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை பிரஷ், ப்ளோயர், அவ்வளவுதான். ஒருமுறை பல்லி உள்ளே போனது, வேறொன்றும் ஆகவில்லை.

தூசிதட்டி: அந்தப் பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், அதாவது கரண்ட் கொடுக்கும் பெட்டிக்குள், போயிருந்தால் தெரிந்திருக்கும்.

எண்பித்தன்: இவ்வளவு பேச்சு தேவையா? 2007ல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லாரும் நினைத்த அளவு தொடர்பு இல்லை. சொல்லப்போனால் குளிர்ச்சியாக ஓடியவற்றில்தான் பழுது அதிகம். நிறைய டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்சவரம்பே 60 டிகிரி. 51க்கு ஏன் பதற்றம்?

தூசிதட்டி: கட்டுரையை முழுசாகப் படித்தீர்களா? மூன்று வயதான டிஸ்க்குகளில் 45 டிகிரிக்கு மேலே பழுது கூடுகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. அவை டேட்டா சென்டரில் வளர்ந்தவை. இவருடையது 15 வயதுக் கிழம், ஏசி இல்லாத வேலூர் அறையில்.

எண்பித்தன்: சரி, வயது விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அறையே 38 டிகிரி என்றால் எந்த ஃபேன் போட்டாலும் அதற்குக் கீழே இறங்காது.

பழையமெக்கானிக்: தம்பிகளா, ஃபேன் வாங்குமுன் காசில்லாத வேலையைச் செய்யுங்கள். ஒட்டிக்கிடக்கும் இரண்டையும் பிரித்து நடுவில் ஒரு தட்டு காலியாக விடுங்கள். வேலை செய்யும்போது ஒவ்வொன்றும் 6 முதல் 10 வாட் வரை சூட்டைக் கக்கும். கீழே உள்ளதன் சூடு மேலே உள்ளதன் வயிற்றில் படுகிறது, அதுதான் அந்த 5 டிகிரி வித்தியாசம். பழைய ஐடிஇ பட்டைக் கேபிள் திரை மாதிரித் தொங்கினால் ஓரமாக மடித்துக் கட்டுங்கள். அப்புறம் ஃபேன். சத்தம் போட்டால் மோலெக்ஸ் என்ற நாலு கம்பி பவர் கனெக்டரின் மஞ்சள் கம்பிக்கும் சிவப்புக்கும் நடுவே கொடுங்கள். 12லிருந்து 5 போக 7 வோல்ட், அமைதியாகச் சுற்றும்.

தூசிதட்டி: ஐயா, அந்த 7 வோல்ட் வித்தை எனக்குப் பிடிக்காது. மின்னோட்டம் 5 வோல்ட் கம்பிக்குள் திரும்பிப் போகிறது. வோல்டேஜைக் குறைக்க ஃபேன் கம்பியில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் தீர்ந்தது.

பழையமெக்கானிக்: அதே 5 வோல்ட்டில் இரண்டு டிஸ்க்கும் மதர்போர்டும் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் ஆகாது. பயமிருந்தால் ரெசிஸ்டரே போடுங்கள், சண்டை எதற்கு.

வேலூர்வாசி: ஒரு டிஸ்க்கை இரண்டு தட்டு இறக்கி, முன்னால் 120 மிமீ ஃபேன் மாட்டி, கதவையும் மூடிவிட்டேன். அதே மதிய வேளையில் 51 இப்போது 43. கரூர்க்காரர் மன்னிக்கவும். இன்னொரு சந்தேகம்: அந்த டிஸ்க்குக்கு அதே மென்பொருள் மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது. சி5 என்ற வரியில் 8 என்று இருக்கிறது. சூடு குறைந்ததும் அதுவும் குறையுமா?

எண்பித்தன்: இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே! படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை அது. ஃபேன் காற்றில் போகாது. இன்றைக்கே வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

தூசிதட்டி: இதில் மட்டும் எண்பித்தன் பக்கம். முக்கியமானவை முதலில், படமும் பாட்டும் அப்புறம்.

வேலூர்வாசி: அக்கா கல்யாண வீடியோவும் அப்பாவின் பத்திர ஸ்கேன்களும் ஏறிவிட்டன. இன்னும் 140 ஜிபி பாக்கி. கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.