புதுப்பிப்பு: வானம் பார்க்கக் கையடக்க வழிகாட்டி, இப்போது பையில் இருப்பது எது?

பைனாகுலர் மட்டும் வைத்து வானம் பார்க்க எந்தக் கையேட்டை எடுத்துப் போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சிறிய நட்சத்திரப் படநூல், சுழல் வான்வரைபடம் (தேதியையும் நேரத்தையும் பொருத்திச் சுழற்றினால் அப்போதைய வானத்தைக் காட்டும் வட்டு) என இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டையும் சில இரவுகள் பயன்படுத்திவிட்டேன்.

படநூலில் இருந்த சிக்கல் பகலில் கண்ணில் படவே இல்லை. சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் விரித்தால், சிவப்பு மையில் அச்சிட்ட கோடுகளும் குறிகளும் அப்படியே மறைந்துவிட்டன! வெள்ளை விளக்கைப் போட்டாலோ இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், மறுபடி பழக 20, 30 நிமிடம் ஆகும். அதனால் வாங்கும் முன் சிவப்பு ஒளியில் ஒரு பக்கத்தையாவது பார்த்துவிடுங்கள்.

சுழல் வரைபடம் உங்கள் அட்சரேகைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். கோள்கள் அதில் இருக்காது. அப்புறம், அதில் கிழக்கும் மேற்கும் மாறியிருக்கிறதே என்று முதலில் குழம்பினேன். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் சரியாகிவிடுகிறது.

இப்போது பையில் இருப்பது அதுதான். நான்கு விண்மீன்களாலான பெகாசஸ் சதுரத்தின் மூலையிலிருந்து மிராக் என்ற விண்மீன் வரை போய், அங்கே திரும்பி இரண்டு மங்கலான விண்மீன்களைத் தாண்டினேன். மெல்லிய பஞ்சுப் பிசிறு மாதிரி ஆண்ட்ரோமெடா விண்மீன் பேரடை (galaxy)! நெடுநேரம் பைனாகுலரை இறக்கவே மனம் வரவில்லை.