பேராயர் அசரியா யாருடைய ஆள்?

நெல்லைக்காரன்:
வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நம் ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். 1903இல் நெல்லையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். நம் காசில் நம் ஆட்களையே ஊழியத்துக்கு அனுப்புவது என்று தொடங்கிய சங்கம் அது. அப்புறம் அவரே ஹைதராபாத் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல் என்ற ஊருக்குப் போனார். தெலுங்கு படித்து, அங்கிருந்த மாலா, மாதிகா என்ற தலித் சாதி மக்களோடு வாழ்ந்தார். 1912இல் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இவருக்கு ஈடாக ஒரு நற்செய்தியாளரை என்னால் சொல்ல முடியவில்லை.

செங்கதிர்:
அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? ஆங்கில அரசோடு ஒட்டியிருந்த சபை. சென்னைப் பேராயர் வைட்ஹெட் முன்னின்று தூக்கிவிட்டார். இவர் ஊர் ஊராக நடத்திய மதமாற்றத்தைக் காந்தியே 1930களில் கடுமையாக எதிர்த்தார். படிப்பும் மருந்தும் தருகிற கையே மதத்தையும் தந்தால், ஏழை எப்படி மறுப்பான்?

மரியபுஷ்பம்:
அந்தக் கேள்வியிலேயே ஏழைக்குச் சொந்த புத்தி இல்லை என்ற எண்ணம் இருக்கிறது, ஐயா. ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்று சொல்ல வைத்தவர் அசரியா. அங்கே கிராமத்துக்குக் கிராமம் செய்தியைக் கொண்டுபோனவர்கள் அந்த மக்களேதான்.

நெல்லைக்காரன்:
வைட்ஹெட் ஆதரித்தது உண்மை. ஆனால் ஓர் இந்தியர் பேராயர் ஆகக்கூடாது என்ற வெள்ளை மிஷனரிகளும் இருந்தார்கள், நாடார் என்பதற்காக முகம் சுளித்த நம்மூர்க் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அந்த மிஷனரிகள் முன்னால் நின்று, 'எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்' என்று கேட்டவரை ஆங்கிலேயரின் ஆள் என்பது அநியாயம். 1932இல் ஆங்கில அரசு கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி, அதாவது கிறிஸ்தவர்களே ஓட்டுப்போட்டுத் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி, கொடுத்தபோது, சபை ஒரு சாதிக் கட்சிபோல ஆகிவிடும் என்று எதிர்த்தார்.

செங்கதிர்:
எடின்பரோ பேச்சை ஒப்புக்கொள்கிறேன், அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் தனித்தொகுதி விஷயத்தில்தான் எனக்கு அவர்மேல் கோபமே. அவருடைய சபையில் பெரும்பாலோர் தலித்துகள். அம்பேத்கர் அரசியல் அதிகாரம் கேட்டுப் போராடிய நேரத்தில், இவர் சபையின் தூய்மையைப் பார்த்தார். மாலா, மாதிகா பிரிவு சபைக்குள்ளும் போகவில்லை. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு கிறிஸ்தவ தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமையும் இல்லை.

மரியபுஷ்பம்:
அவர் 1945இல் இறந்துவிட்டார். 1950இல் போட்ட ஆணைக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? சபைக்குள் சாதி போகவில்லை என்பதை மட்டும் என்னால் மறுக்க முடியாது. அதற்கு இன்றைய பேராயர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.