1978 செவர்லே சி10: டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி சாய்ந்து இறங்குது, ரெகுலேட்டர் மாற்றுவது எப்படி?

பழையவண்டி:

வண்டி 1978 சி10 பிக்கப். கையால் சுற்றும் கண்ணாடி, முன்னால் முக்கோணக் கண்ணாடியும் உண்டு. டிரைவர் பக்கக் கைப்பிடியை ரெண்டு சுற்று சுற்றினால் இறுகுது. அதுக்கு மேல "கடக்"னு ஒரு சத்தம், அப்புறம் சும்மா சுற்றுது. கண்ணாடியோட முன் மூலை பின் மூலையைவிட ஒரு விரல் அளவு தாழ்ந்து நிற்குது. ரெண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தூக்கினால் மேலே போகும். ஓட்டும்போது குலுங்கிக் குலுங்கி இறங்கிடும்.

ரெகுலேட்டரை (கதவுக்குள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்குற அமைப்பு) முழுசா மாற்றணுமா? அதுக்குக் கண்ணாடியை வெளியே எடுக்கணுமா? உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கையைப் பதம் பார்த்துடும்னு சொல்றாங்களே, உண்மையா? முதல்ல, கைப்பிடியில ஸ்குரூவே இல்லை. எப்படிக் கழற்றுவது?

பதினொன்றாம் நம்பர் ஸ்பேனர்:

கடைசிக் கேள்விதான் முதல் வேலை. ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ்) கைப்பிடியை ஸ்குரூ பிடிப்பதில்லை, பின்பக்கம் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் பிடித்திருக்கும். அதைத் தள்ளத் தனி டூல் விற்கிறது. இல்லாவிட்டால் பழைய பனியன் துணி போதும். கைப்பிடிக்கும் கதவு பேனலுக்கும் நடுவே துணியைச் செருகி, ரெண்டு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுங்கள். துணி கிளிப்பின் முனையில் மாட்டி வெளியே தள்ளிவிடும். கிளிப் தெறிக்கும், கீழே ஒரு துண்டை விரித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியில் செருகிவிட்டு, தண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

கைப்பிடி வந்ததும் தண்டைப் பிளையரால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கண்ணாடி ஒழுங்காக ஏறினால் தேய்ந்தது கைப்பிடியின் உள்பல் மட்டும்தான், செலவும் அதோடு முடியும். உங்கள் வண்டியில் முன் மூலை தாழ்ந்திருப்பதால் கோளாறு உள்ளேதான் இருக்கும். ஆர்ம்ரெஸ்ட் ஸ்குரூ, லாக் குமிழ், பேனல் எல்லாம் எடுத்துவிட்டு டார்ச் அடித்து மூன்று இடம் பாருங்கள்: முன் ரோலர் (ரெகுலேட்டர் கையின் நுனியிலுள்ள சின்னச் சக்கரம்) அது ஓடும் சேனலுக்குள் (தகட்டுக் காடி) இருக்கிறதா, அரைவட்டப் பல்தட்டில் பல் தேய்ந்திருக்கிறதா, கண்ணாடியின் அடியைக் கவ்வியிருக்கும் சேனல் துருப்பிடித்துக் கண்ணாடியை விட்டுவிட்டதா. மூன்றாவதைப் பார்க்காமல் ரெகுலேட்டருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். சேனல் விட்டிருந்தால் புது ரெகுலேட்டர் போட்டாலும் கண்ணாடி அதேபோல்தான் சாயும்.

கண்ணாடியை வெளியே எடுக்கத் தேவையில்லை. முழுசாக மேலே ஏற்றி, 2 இஞ்ச் துணி டேப்பை உள்பக்கக் கண்ணாடியிலிருந்து கதவுச் சட்டத்தின் மேலாக வெளிப்பக்கக் கண்ணாடி வரை ஒட்டுங்கள், குறைந்தது ரெண்டு பட்டை. காகித மாஸ்கிங் டேப் அந்த எடையைத் தாங்காது. ரெகுலேட்டர் போனபின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த டேப் மட்டும்தான்.

இனி ரெகுலேட்டர் போல்ட்கள். இந்த வண்டிகளில் இஞ்ச், மில்லிமீட்டர் ரெண்டும் கலந்து வரும். 10 மி.மீ., 7/16 இஞ்ச் ரெண்டு சாக்கெட்டும் எடுத்து வையுங்கள் (7/16 இல்லையென்றால் 11 மி.மீ. சரியாக உட்காரும்). கடைசி போல்ட் வரும்போது ஒரு கையால் ரெகுலேட்டரைத் தாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கதவின் பின்பக்கமாக நகர்த்தினால் பின் ரோலர் சேனலை விட்டு வந்துவிடும். முன் ரோலர் வருவதற்குச் சேனலிலேயே ஒரு வெட்டு விட்டிருக்கிறார்கள், ரோலரை அதற்கு நேராகக் கொண்டுவந்தால் இறங்கிவிடும். இது தெரியாமல் நெம்பித்தான் பலர் சேனலை வளைக்கிறார்கள். பிறகு ரெகுலேட்டரின் கைகளை மடக்கி, பெரிய ஓட்டை வழியாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை அவசியம்.

ஸ்பிரிங் விஷயம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கண்ணாடி ஏறுவதற்குத் துணை செய்யத்தான் அந்தச் சுருள். அதனால் கண்ணாடி மேலே இருக்கும்போது அதில் முறுக்கு மிகக் குறைவு. மேலே ஏற்றிவிட்டுக் கழற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ரெகுலேட்டரைப் பிரித்து மேய்ந்தால்தான் ஆபத்து. பவர் விண்டோ வண்டியில் மோட்டாரைக் கழற்றுமுன் பல்தட்டையும் பின்தகட்டையும் சேர்த்துத் துளை போட்டு, போல்ட், நட்டு போட்டுப் பூட்டியே ஆகவேண்டும். பூட்டாமல் விட்டால் பல்தட்டு சுழன்று விரலை நசுக்கிவிடும்.

ஆர்டர் போடும்போது வருஷம், இடதா வலதா, முக்கோணக் கண்ணாடி உண்டா இல்லையா, மூன்றையும் சொல்லுங்கள். புதுசு வந்ததும் பழையதன் மேல் வைத்து போல்ட் துளை, தண்டின் நீளம், ரோலரின் பருமன் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மாட்டும்போது எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, டேப்பை எடுத்து, கண்ணாடியை ரெண்டு தடவை மேலும் கீழும் ஓட்டிவிட்டுத்தான் இறுக்கவேண்டும். மெல்லிய தகடு, மரை சீக்கிரம் போய்விடும். மணிக்கட்டு பலம் போதும்.

பனிக்கால வண்டி (ஸ்காபரோ, கனடா):

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா ஏன் உடைஞ்சது எண்டு பாக்காமல் புதுசு போட்டால் அதுகும் கனநாள் நிக்காது. யன்னல் ஓடுற தடத்தில இருக்கிற ரப்பரும் ஃபெல்ற்றும் காய்ஞ்சு கல்லு மாதிரி வந்தால் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பாரம் முழுக்க ரோலரிலயும் பல்லிலயும்தான் விழும்.

ரெகுலேட்டர் வெளியில இருக்கேக்கயே பரீட்சிச்சுப் பாருங்கோ. துணைக்கு ஒராள் நிக்க, டேப்பைக் கழட்டி, கண்ணாடியைக் கையால மேலயும் கீழயும் ஓட்டுங்கோ. எங்க இறுகுதோ அங்கதான் பிழை. தடம் வெடிச்சிருந்தால் அதையும் மாத்துங்கோ, ரெகுலேட்டரை விட விலை குறைவு. ரப்பர் தடத்துக்கு சிலிக்கன் ஸ்பிரே மட்டும்தான், எஞ்சின் ஒயில் பட்டால் ரப்பர் ஊதிப் பழுதாகும். பல்லுக்கும் ரோலர் ஓடுற சேனலுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ். இஞ்சத்தைக் குளிருக்கு அப்பிப் பூசவேண்டாம், தடிச்சுப்போய் கைப்பிடி இன்னும் பாரமாகும்.

மற்றது, பனலுக்குப் பின்னால இருக்கிற தண்ணி மறிக்கிற தாளை எறிஞ்சுபோட்டு அப்பிடியே மூடாதேங்கோ. கண்ணாடியால வடியிற தண்ணி கதவுக்குள்ளதான் போகும், அதை உள்பக்கம் வரவிடாமல் மறிக்கிறது அந்தத் தாள்தான். கிழிஞ்சிருந்தால் தடிச்ச பொலித்தீனை அதே அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால ஒட்டி, கீழ் விளிம்பைக் கதவுக்குள்ள செருகிவிடுங்கோ. கதவின்ரை அடியில இருக்கிற வடிகால் ஓட்டையளையும் ஒரு கம்பியால குத்தி விடுங்கோ.

பழையவண்டி:

திறந்து பார்த்தாச்சு. முன் ரோலர்ல நைலான் பாதி காணோம், பல்தட்டில் ரெண்டு பல் மழுங்கியிருக்கு. கண்ணாடி அடிச்சேனல் நல்லா இருக்கு. புது ரெகுலேட்டர் உள்ளே போயாச்சு. ரெண்டு சிக்கல்: ஒரு போல்ட் துளை அரை நூல் (1/16 இஞ்ச்) தள்ளி இருக்கு. அப்புறம், கடைசி ரெண்டு இஞ்ச் ஏறும்போது இறுகுது.

பதினொன்றாம் நம்பர் ஸ்பேனர்:

துளைக்காகக் கதவுத் தகட்டைத் தொடாதீர்கள். ரெகுலேட்டர் தகட்டில் இருக்கும் துளையை உருண்டை அரத்தால் நீளவாக்கில் அரை நூல் ராவி, அகல வாஷர் போட்டு மாட்டுங்கள். வலிந்து இழுத்து முடுக்கினால் தகடு முறுக்கிக்கொள்ளும், அப்புறம் பல்லும் நேராகச் சேராது.

மேலே இறுகுவதற்குப் பெரும்பாலும் முக்கோணக் கண்ணாடியின் பின் கம்பம்தான் காரணம். கண்ணாடியின் முன் ஓரம் ஓடும் தடம் அதுதான். அதன் கீழ் நுனியைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கண்ணாடியை முழுசாக ஏற்றுங்கள். கம்பம் தானாக இடம் பார்த்து உட்காரும், அந்த நிலையிலேயே இறுக்குங்கள். பிறகு பாதி இறக்கி ஏற்றிப் பாருங்கள். கீழே தளர்ந்து கடகடத்தால் கம்பத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி மறுபடி இறுக்க வேண்டும். ரெண்டு மூன்று தடவையாவது ஆகும்.

நீலப்பிக்கப்:

ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். 1980களின் எஃப்-150 பிக்கப்பில் ரெகுலேட்டரைப் பிடிப்பது ரிவெட். நடு முளையை முதலில் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, 1/4 இஞ்ச் துளைப்பானால் தலையை மட்டும் துளைத்து எடுக்கவேண்டும். துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். திரும்ப மாட்ட ரிவெட் கன் தேவையில்லை: 1/4-20 போல்ட் (1/4 இஞ்ச் பருமன், இஞ்சுக்கு 20 மரை), அரை இஞ்ச் நீளம், வாஷர், லாக் நட்டு. நீளம் கூடினால் முனை கண்ணாடியில் உரசும். கைப்பிடிக்கு அங்கே கிளிப் கிடையாது, மூடியை நெம்பினால் ஸ்குரூ தெரியும்.

பழையவண்டி:

கம்பத்தைத் தளர்த்தி இறுக்கினதில் சரியாயிடுச்சு, மூணாவது தடவையில். இப்போ ஒரு கையால், சத்தமில்லாமல் ஏறுது. கைப்பிடியை எந்தக் கோணத்தில் மாட்டணும்?

பதினொன்றாம் நம்பர் ஸ்பேனர்:

கண்ணாடியை முழுசாக மூடிவிட்டு மாட்டுங்கள். வலது பக்க (பயணி பக்க) கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதே கோணம்தான், ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி. சீட்டில் உட்கார்ந்து முழங்கால் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தட்டுங்கள். கிளிப் உட்கார்ந்துவிட்டால் மறுபடி பனியன் துணியைத் தேட வேண்டியிருக்கும்.