இழை: ‘சிஸ்ட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (குடிநீர் ஒட்டுண்ணிகள் இயல்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அவையினருக்கு வணக்கம். குடிநீர் வழியே பரவும் ஒட்டுண்ணி நோய்களைப் பற்றிய கையேடு ஒன்றைச் சுகாதாரப் பணியாளர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். மூன்றாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அந்த இயல் முழுவதும் ‘சிஸ்ட்’ என்ற ஒரே சொல்லை நம்பி நிற்கிறது. அகராதிகள் தருவது ‘நீர்க்கட்டி’. வரைவைப் படிபார்த்த செவிலியர் அதை அடிக்கோடிட்டு, “நீர்க்கட்டி உடம்பில் வருவது, குழாய்த் தண்ணீரில் எப்படி வரும்?” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவர் கேட்பது முற்றிலும் நியாயம்.

ஜியார்டியா, எண்டமீபா போன்ற ஒருசெல் ஒட்டுண்ணிகள் குடலை விட்டு நீங்கும்போது தம்மைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்றை எழுப்பிக்கொண்டு, உண்ணாமலும் பெருகாமலும் இன்னொருவர் வாய்க்குள் போகும் வரை தாக்குப்பிடிக்கின்றனவே, அந்த வடிவத்துக்குப் பெயர் வேண்டும். அந்த வடிவத்தை அடைவதற்கும் அதிலிருந்து வெளிப்படுவதற்கும் வினைகள் வேண்டும். கருவைச் சுற்றிச் சுவர் எழும் வகையான ‘ஊசிஸ்ட்’ என்பதற்கும் அதே வேரிலிருந்து ஒரு சொல் கிளைக்க வேண்டும். உதவுங்கள்.

ஆய்வகப் பணியாளர் எழுதியது:

‘சிஸ்ட்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மலப் பரிசோதனை அறிக்கையில் அப்படித்தான் எழுதுகிறோம், மருத்துவரும் அப்படித்தான் வாசிக்கிறார். நடுவில் இருக்கும் பணியாளருக்கு மட்டும் வேறொரு சொல்லைக் கற்பித்தால், அவர் அறிக்கையை ஒரு மொழியிலும் கையேட்டை ஒரு மொழியிலும் படிக்க நேரும்.

ஒட்டுண்ணியியல் பேராசிரியர் எழுதியது:

ஆய்வக அன்பர் சொல்வதில் நடைமுறை நியாயம் இருக்கிறது. ஆனால் ‘சிஸ்ட்’ என்ற சொல்லே இரண்டு வேறு பொருள்களைச் சுமந்து திரிகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ‘கிஸ்டிஸ்’ என்றால் பை, குறிப்பாகச் சிறுநீர்ப்பை. மருத்துவர்கள் அதை நீர் கோத்த பை என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொருளுக்கு ‘நீர்க்கட்டி’ மிகச் சரியான தமிழ். எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு கல்லீரலில் உண்டாக்கும் ஹைடாடிட் கட்டி உண்மையாகவே நீர் நிறைந்த கட்டிதான், ஆகவே அந்த இடத்தில் ‘நீர்க்கட்டி’யை அசைக்கக் கூடாது. ஜியார்டியாவின் சிஸ்டில் நீரும் இல்லை, கட்டியும் இல்லை. ஒட்டுண்ணியே சுவருக்குள் ஒடுங்கியிருக்கிறது. ஒலிபெயர்ப்பை வைத்துக்கொண்டால் ஆங்கிலத்தில் உள்ள இந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்கிறோம்.

கண்ணால் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அயோடின் இட்ட கண்ணாடித் தகட்டில் ஜியார்டியா சிஸ்ட் முட்டை வடிவில், 8 முதல் 12 மைக்ரோமீட்டர் நீளத்தில் தெரியும். உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் பல வேளைகளில் சுவரிலிருந்து சற்றே விலகிச் சுருங்கியிருப்பதால் இரண்டுக்கும் இடையில் ஒரு வெளிறிய இடைவெளி தெரியும். சுவர் வேறு, உள்ளிருப்பது வேறு என்று நுண்ணோக்கியே பிரித்துக் காட்டுகிறது. நாம் ஆக்கும் சொல்லும் இதைக் காட்ட வேண்டும்.

என் பரிந்துரை ‘சிறைப்பை’. வினை ‘சிறைப்பையாதல்’.

தமிழாசிரியர் எழுதியது:

பேராசிரியர் அம்மாவின் விளக்கத்தைப் படித்ததும் நெஞ்சில் தோன்றிய சொல் ‘குடம்பை’. “குடம்பை தனித்தொழியப் புட்பறந் தற்றே” என்று உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லும் குறளை (338) எல்லோரும் அறிவோம். அதற்குப் பரிமேலழகர் எழுதிய உரையைத்தான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன். குடம்பை என்பதைக் கூடு என்று கொள்வாரை அவர் மறுக்கிறார். கூடு பறவையோடு உடன் தோன்றுவதில்லை, பறவை அதற்குள் மீண்டும் புகுவதும் உண்டு. ஆகையால் கூடு உடம்புக்கு உவமையாகாது என்று இரண்டு காரணங்களைக் காட்டி, குடம்பை முட்டையே என்று நிறுவுகிறார்.

இந்த இரண்டு காரணங்களையும் நம் ஒட்டுண்ணியின் மேல் வைத்துப் பாருங்கள். சிஸ்டின் சுவர் வெளியிலிருந்து கொண்டுவந்து கட்டியதன்று, அந்த உயிரே சுரந்தது. ஆகவே உடன் தோன்றியது. சிறுகுடலில் சுவரைத் திறந்து வெளிவந்த உயிர் அந்த வெற்றுச் சுவருக்குள் மீண்டும் புகுவதில்லை. மறுபடி தேவைப்பட்டால் புதிதாகச் சுரந்துகொள்கிறது. உரையாசிரியர் வகுத்த இலக்கணம் இத்தனை துல்லியமாகப் பொருந்தும் வேறொரு சொல் நம்மிடம் இல்லை. ‘குடம்பையாதல்’, ‘குடம்பை நீங்கல்’ என்று வினைகளும் இயல்பாக வந்துவிடும்.

நீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளர் எழுதியது:

ஐயா, படிக்கும்போது மனம் நிறைந்தது. ஆனால் அந்த உரையின்படி குடம்பை என்பது முட்டை. இதே கையேட்டின் அடுத்த இயலில் உருளைப்புழுவின் முட்டை வருகிறது, அது உண்மையான முட்டை. அதற்கடுத்த பக்கத்தில் கொக்கிப்புழுவின் இளநிலை வருகிறது; லார்வாவைக் ‘குடம்பி’ என்று எழுதும் வழக்கம் தமிழில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. குடம்பை, குடம்பி, முட்டை மூன்றும் ஒரே கையேட்டில் அடுத்தடுத்து நின்றால், பிரித்தறிய வேண்டிய பணியாளர் என்ன செய்வார்?

‘சிறைப்பை’யின் மேல் எனக்கு இதைவிடப் பெரிய கவலை. சிறை என்றால் பிடிபட்டது, அடங்கியது என்று பொருள்படும். ‘சிறைப்பை நிலையில் உள்ள ஒட்டுண்ணி’ என்று படிப்பவர், கிருமி அகப்பட்டுவிட்டது, இனி ஆபத்தில்லை என்றே எண்ணுவார். உண்மை நேர்மாறானது. குடலில் மேயும் வடிவம் வெளியே வந்தால் விரைவில் மடிந்துவிடும். நோயைப் பரப்புவது இந்தச் சுவர் எழுப்பிய வடிவம்தான். பத்து சிஸ்ட் விழுங்கினாலே ஜியார்டியா தொற்றக்கூடும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் இன்னொரு ஒருசெல் ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட் 4 முதல் 6 மைக்ரோமீட்டர்தான். வழக்கமான குளோரின் அளவு அதை ஒன்றும் செய்வதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், மிச்சிகன் ஏரியிலிருந்து எடுத்து வடிகட்டி, குளோரினும் கலந்து கொடுத்த குடிநீரில் இதே ஒட்டுண்ணி இருந்ததால் ஏறத்தாழ 4,03,000 பேர் வயிற்றுப்போக்குக்கு ஆளானதாக மதிப்பிட்டார்கள். ‘குளோரின் போட்டாயிற்று, கவலையில்லை’ என்ற நம்பிக்கையை உடைப்பதற்குத்தான் இந்த இயலே எழுதப்படுகிறது. நுண்வடிகட்டல், புறஊதாக் கதிர், ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்தல் ஆகியவை ஏன் தேவை என்பதற்கு, ‘உள்ளே உயிர் இருக்கிறது, வெளியே கவசம் இருக்கிறது’ என்று சொல்லே உணர்த்த வேண்டும்.

எளிமையாகக் ‘கூடு’ என்போம். கூடு கட்டுதல், கூடு திறத்தல்.

ஒட்டுண்ணியியல் பேராசிரியர் எழுதியது:

‘சிறை’ தரும் தவறான நம்பிக்கையை ஏற்கிறேன். என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ‘கூடு’ நல்ல சொல்தான். கூடு விட்டுக் கூடு பாய்தல் என்ற வழக்கு இருப்பதால், ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகும் உயிருக்கு அது இயல்பாகவே ஒத்துவரும். ஆனால் தனியாக நின்றால் பறவைக் கூடு, எலும்புக்கூடு, பட்டுப்புழுக் கூடு எல்லாம் வந்து மோதும்.

தமிழாசிரியர் எழுதியது:

புணர்ச்சியையும் பாருங்கள். ‘கூடு’ நெடில்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமைப் புணர்ச்சியில் டகரம் இரட்டித்துக் ‘கூட்டு’ என்றாகும் என்பது நன்னூல் விதி. ஆகவே ‘கூட்டுயிர்’ என்று எழுதிய கணமே வாசகர் கூட்டுக் குடும்பம்போல ஒன்றாக வாழும் உயிர்கள் என்று பொருள் கொள்வார். உயிரியலில் இணைந்து வாழும் உயிர்களைப் பற்றிப் பேசவும் வேண்டியிருக்கிறதே. இந்த இடர் குடம்பைக்கு இல்லை. ‘குடம்பி’ என்பதுதான் பிற்கால ஆக்கம். பழஞ்சொல்லுக்கு அது வழிவிடுவதே முறை.

பொறியாளர் எழுதியது:

முறைதான், ஐயா. ஆனால் குடம்பியை அச்சிட்ட நூல்களை யாரும் திரும்பப் பெறப்போவதில்லை. நாம் எழுதுவதைப் படிப்பவர் அந்தப் பழைய நூல்களையும் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆய்வகப் பணியாளர் எழுதியது:

தமிழ்தான் வேண்டும் என்றால் ‘உறை’யைச் சேர்த்துப் பாருங்கள். உறைக்கூடு. தகட்டில் தெரியும் சுவர்தான் உறை. கூடு என்றால் உள்ளே உயிர் இருக்கிறது என்று எவருக்கும் புரியும். ஆனால் ‘உறைநிலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது நீர் பனிக்கட்டியாகும் வெப்பநிலை. தண்ணீரைப் பற்றிய நூலில் அந்தக் குழப்பம் நிச்சயம் வரும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

உறைக்கூடு என்னைக் கவர்கிறது. உறைக்கூடு கட்டுதல், உறைக்கூடு நீங்கல் என்று வினைகளும் தடையின்றி வருகின்றன. குடலில் மேயும் வடிவத்தை அதற்கு இணையாக ‘உண்ணிலை’ என்று குறிக்கலாமா? உண் என்பதும் நிலை என்பதும் சேர்ந்து உண்ணிலையாகின்றன. அந்த வடிவத்தைக் குறிக்கும் ட்ரோபோசோயிட் என்ற கிரேக்க வேர்ச் சொல்லின் முதற்பகுதியும் உணவைத்தான் சொல்கிறது. ஊசிஸ்டுக்கு என்ன செய்வது?

ஒட்டுண்ணியியல் பேராசிரியர் எழுதியது:

உண்ணிலை நன்று. ஊசிஸ்ட் விவகாரத்தில் அவசரம் வேண்டாம். ஜியார்டியா தன்னையே மூடிக்கொள்கிறது. பாலினச் சேர்க்கை எதுவும் அங்கே இல்லை. கிரிப்டோஸ்போரிடியத்தில் ஆண், பெண் அணுக்கள் இணைந்து கரு உருவாகி, அந்தக் கருவைச் சுற்றித்தான் சுவர் எழுகிறது. முதிர்ந்ததும் உள்ளே, தொற்றை உண்டாக்கும் ஸ்போரோசோயிட்டுகள் என்னும் நான்கு செல்கள் இருக்கும். எனவே ‘கருவுறைக்கூடு’ என்பதே பொருத்தம். ‘கருக்கூடு’ என்று சுருக்கினால் கருப்பையை நினைப்பார்கள்.

நீளம் என்பதை அறிவேன். இந்த ஒரு சொல்லில் நீளத்தைப் பொறுத்துக்கொள்வோம். உறைக்கூடு எப்படி உண்டாகிறது, கருவுறைக்கூடு எப்படி உண்டாகிறது என்ற வேறுபாடு தெரியாத மாணவர் பின்னர் எந்த நூலைப் படித்தாலும் தடுமாறுவார்.

பொறியாளர் எழுதியது:

ஏற்கிறேன். அட்டவணையில் மட்டும் இடம் போதாது, அங்கே ‘க. உறைக்கூடு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நன்றி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் வரைவில் ‘உறைக்கூடு’, ‘கருவுறைக்கூடு’, ‘உண்ணிலை’ ஆகியவற்றை இடுகிறேன். ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்தில் ‘சிஸ்ட் எனப்படும் உறைக்கூடு’ என்று எழுதிவிட்டால், ஆய்வக அறிக்கையோடும் தொடர்பு அறாது. ஹைடாடிட் வரும் இடத்தில் ‘நீர்க்கட்டி’ அப்படியே இருக்கும். குடம்பையைப் பற்றிய தமிழாசிரியர் ஐயாவின் மடலை முழுமையாகச் சேமித்து வைத்திருக்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

அச்சுக்கு எது வசதியோ அதை இடுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் என் உடன்பாடு அதற்கு இல்லை என்பதைப் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு பெயர்ச்சொற்களை ஒட்டவைத்து ஆக்கிய சொல்லைவிட, ஆயிரம் ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும் ஒரு சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவதே மொழிக்கு வலிமை என்று உறுதியாக நம்புகிறேன். என் வகுப்பில் குடம்பை என்றே சொல்லித்தருவேன்.

ஆய்வகப் பணியாளர் எழுதியது:

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. டாக்சோபிளாஸ்மாவின் ஊசிஸ்ட் பூனையின் மலத்தோடு நீரில் கலப்பது. அது கருவுறைக்கூடு, சரி. அதே ஒட்டுண்ணி நம் தசையிலும் மூளையிலும் திசுவுக்குள் அமைத்துக்கொள்ளும் சிஸ்ட் வேறு வகை. அது தண்ணீரிலும் மிதப்பதில்லை, நீர்க்கட்டியும் அன்று. உள்ளே ஒன்றல்ல, பல நூறு ஒட்டுண்ணிகள் மெல்லப் பெருகிக்கொண்டிருக்கும். அதுவும் உறைக்கூடுதானா? ஐந்தாம் இயலில் வருகிறது.

ஒட்டுண்ணியியல் பேராசிரியர் எழுதியது:

‘திசுக்கூடு’ என்று தோன்றுகிறது. ஆனால் உறையை விட்டுவிட்டோமே என்ற உறுத்தலும் இருக்கிறது. ஐந்தாம் இயலின் வரைவை அனுப்புங்கள். சொல் அங்கே எந்தெந்த வாக்கியங்களில் வருகிறது என்று பார்த்த பிறகு எழுதுகிறேன்.