போனில் டாக்டரைப் பார்க்க உதவிய அனுபவங்கள்: ஏற்காடு, சேலம் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

ஏற்காடு, சுகாதாரத் தன்னார்வலர்:

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறேன். நாகலூர் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளுக்குப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. ஆப் சொல்லித் தருவது அதில் சேராது. ஆனால் இங்கிருந்து ஒருவர் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வரிசையில் நின்று, சாயங்காலம் பஸ் பிடித்து ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு. காபிப் பழம் பறிக்கிற சீசனில் யார் போவார்கள்? வலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் இ-சஞ்சீவனியைக் கையில் எடுத்தேன். அரசின் இலவச சேவை. 2020 ஏப்ரலில், ஊரடங்கு சமயத்தில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும்படி திறந்துவிட்டார்கள்.

போன் நம்பர் போட்டால் ஓடிபி வரும். பெயர், வயது கொடுத்து எந்த ஓபி என்று தேர்ந்தெடுத்தால் டோக்கன். முறை வந்ததும் வீடியோவில் டாக்டர் வருவார், முடிந்ததும் மருந்துச்சீட்டு போனிலேயே கிடைக்கும். இவ்வளவுதான். டாக்டர் திரையில் வந்த பிறகுதான் நிஜமான சிரமம்.

ஒரு பாட்டி. கால் வீங்குது, நடக்க முடியல என்று என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தவர். டாக்டர் "என்னம்மா பண்ணுது?" என்றதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நல்லா இருக்கேன் சாமி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்கிறார். அவருக்குப் பதிலாக நானே எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கலாம், டாக்டருக்கும் நேரம் மிச்சம். நான் அப்படிச் செய்வதில்லை. "ராத்திரி எப்படித் தூங்கறீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க பாட்டி" என்று மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் வந்தது: "படுத்தா மூச்சு முட்டுது சாமி, செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்கறேன்." டாக்டரின் முகமே மாறிவிட்டது. இதயம் சம்பந்தமாக இருக்கலாம், இன்றைக்கே நேரில் காட்டுங்கள் என்றார். நானே பேசியிருந்தால் கால் வீக்கத்தோடு முடித்திருப்பேன். மூச்சு முட்டுவதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

அதனால் டோக்கன் போடும் முன்பே உட்கார வைத்துப் பேசிவிடுகிறேன். எப்போதிலிருந்து, எப்போது அதிகம், இப்போது என்ன மாத்திரை என்று கேட்பேன். மாத்திரை அட்டைகளை மஞ்சப்பையோடு எடுத்துவரச் சொல்வேன், கடைசியாகப் பார்த்த பிரஷர் அளவை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பேன்.

லயன் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, காபி காயப்போடும் களத்தில் கிடைக்கும். ஆனால் களத்தில் நின்றால் ஊரே கூடிவிடும். வெள்ளைப்படுதல் என்று சொல்ல வந்த பெண் அங்கே எப்படி வாய் திறப்பாள்? போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன். இதில் நான் கறார்.

அம்மாபேட்டை, தறிக்காரர் வீடு:

எங்கள் அப்பாவுக்குக் காது மந்தம், தறிச் சத்தத்திலேயே வாழ்க்கை போனவர். வீடியோவில் டாக்டர் சொல்வது கேட்காது. என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் கேட்பதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவாள், அப்பா பார்த்துப் பதில் சொல்வார். டாக்டரும் பொறுமையாக இருந்தார். மேலே அக்கா சொன்னதுபோல, பதில் அப்பா வாயிலிருந்தே வந்தது.

சேலம், மருந்துக்கடையில் வேலை செய்பவர்:

எங்களிடம் வரும்போது பாதிப் பேர் சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வருவார்கள், டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிற கீழ்ப் பகுதி வெட்டுப்பட்டிருக்கும். உதவி செய்பவர்கள் பிடிஎப்பை முழுசாக இறக்கிக் கொடுங்கள். இன்னொன்று, போன் மூலம் எல்லா மருந்தும் எழுதிவிட முடியாது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை இப்படி எழுதக் கூடாது. சில தூக்க மாத்திரைகளும் அதில் அடக்கம். "டாக்டர் எழுதித் தரலை" என்று சிலர் கோபப்படுகிறார்கள். அவர் எழுதாதது சரிதான் என்று சொல்லிப் புரியவைப்பேன்.

ஏற்காடு, சேர்ந்திருக்கும் புது ஆள்:

அக்கா, நானும் எங்கள் ஊரில் செய்ய ஆசை. ஆனால் ஓடிபி கேட்டாலே பயப்படுகிறார்கள். மருத்துவ விவரங்களை ஒன்றாகச் சேர்க்கும் அரசின் சுகாதாரக் கணக்கு எண், அதான் ஆபா, அதையும் எடுத்துக் கொடுக்கலாமா?

ஏற்காடு, சுகாதாரத் தன்னார்வலர்:

பயப்படட்டும் தம்பி, அது நல்ல பயம். யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம். நான் எண்ணை வாய்விட்டுக் கேட்பதே இல்லை. போன் அவர்கள் கையிலேயே இருக்கும், அவர்களோ பள்ளிக்கூடம் போகிற பேத்தியோ தட்டுவார்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

ஆபா என்பது 14 இலக்க எண், ஆதார் வைத்து எடுக்கலாம். ஆனால் டாக்டரிடம் பேசுவதை அதற்காக நிறுத்தி வைக்காதே. இங்கே பலருக்கு ஆதாரில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். ஓடிபி அங்கே போகும், அவன் ஷிப்டில் இருப்பான். அவன் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நம்பரை மாற்ற ஆதார் மையத்துக்கு அழைத்துப் போகச் சொல். ஆபா அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நெஞ்சு வலி, வாய் கோணுவது, பாம்புக்கடி, பிரசவ வலி என்று வந்தால் ஆப்பைத் திறக்கவே திறக்காதே. நேரா 108.