வீச்சு வலைக்கு ஈயம் வார்க்க வேண்டும்: எந்தப் பழைய ஈயத்தை உருக்கலாம்?

கேள்வி (முள்ளியவளை)

ஓய்வு நாள்களில் நந்திக்கடலில் வலை வீசுகிறேன். அப்பாவின் வலையில் பாதி ஈயம் கழன்றுவிட்டது. அவருடைய இரும்பு அச்சு பத்திரமாக இருப்பதால் நானே வார்த்துக் கோக்க ஆசை. கைவசம் மூன்று இருக்கின்றன: ரயர் கடையில் கழித்துப் போட்ட சக்கர ஈயம் (சக்கரம் ஆடாமல் சுழல விளிம்பில் பொருத்தும் எடைக்கட்டி) 3 கிலோ, உழவு இயந்திரத்தின் செத்த பற்றரி ஒன்று, வாழைக்கு மண் வெட்டியபோது மகன் பொறுக்கிச் சேர்த்த துப்பாக்கி ரவைகள் ஒரு பால்மாப் பேணி. எதை உருக்கலாம்?

பதில் (கிளிநொச்சி)

முதலில் அந்தப் பேணி. அதை இனி யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன் சொல்கிறேன். மகன் பொறுக்கியவை சுட்ட ரவைகளா, சுடாதவையா என்று மண் படிந்த நிலையில் உங்களால் பிரித்தறிய முடியாது. மண்ணுக்குள் இத்தனை வருடம் கிடந்தாலும் உள்ளே மருந்து காயாமல் இருக்கலாம். அடுப்பில் ஏற்றினால் வெடிக்கும். பேணியைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கும் போகாதீர்கள். 119 இற்கு அழையுங்கள், கிராம அலுவலரிடமும் சொல்லுங்கள். அந்த இடத்தில் மண்வெட்டியைப் போடாதீர்கள். ரவை கிடந்த இடத்தில் வேறு எதுவும் கிடக்கலாம்.

பதில் (மாங்குளம்)

தம்பி, பற்றரியையும் விட்டுவிடுங்கள். உடைத்தால் அமிலம் ஒரு பக்கம், தகடுகளில் ஒட்டியிருக்கும் ஈயத் தூள் மறுபக்கம். அதை உருக்கினால் மிஞ்சும் கசடில் ஈரம் பட்டால் நச்சு வாயுவும் கிளம்பக்கூடும். முழுதாகவே பழைய பற்றரி வாங்குபவரிடம் கொடுங்கள்.

உங்களுக்கு உதவப்போவது சக்கர ஈயம்தான். நான் ரயர் கடையில் வேலை செய்கிறேன், இதை நாள்தோறும் கழற்றுகிறேன். இப்போது எல்லாமே ஈயம் அல்ல; இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்து வருகின்றன. ஒவ்வொன்றையும் கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். ஈயம் வெண்ணெய்போல் கீறல் விட்டுக்கொடுக்கும், உள்ளே பளபளக்கும். நாகத்தில் கத்தி வழுக்கும்; சிமெந்துத் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும், ஈயம் மொத்தென்று விழும். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், நாகத்துக்கு 419 வேண்டும். ஆகவே தீயை அடக்கிப் பிடியுங்கள். தப்பி உள்ளே போன நாகமும், ஈயத்தைச் சக்கரத்தில் பிடித்திருந்த கவ்விகளின் இரும்பும் மேலே மிதக்கும், அகப்பையால் வழித்துவிடலாம். தீயை ஏற்றிவிட்டால் நாகமும் கரைந்து, வார்ப்பு கட்டியாகிக் கெட்டுவிடும்.

ஈரம்தான் எமன். ஒரு துளித் தண்ணீர் உருகிய ஈயத்துக்கு அடியில் போனால் ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் விரியும். சட்டியில் இருப்பது முகத்துக்கு வரும். எல்லா ஈயத்தையும் குளிர்ந்த சட்டியில் போட்ட பிறகே அடுப்பை மூட்டுங்கள். பாதியில் புதுத் துண்டு போடாதீர்கள். அச்சையும் அகப்பையையும் அடுப்போரம் வைத்துச் சூடேற்றுங்கள், இரவுப் பனி ஒட்டியிருக்கும். மாரி முகில் கறுத்தால் அன்றைக்கு வேண்டாம். கொட்டிலுக்குள் வேண்டாம், வெளியே, காற்று முதுகுப் பக்கம் வரும்படி நில்லுங்கள். தோல் கையுறை, கண்ணாடி, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து. அந்தச் சட்டி இனி ஒருபோதும் குசினிக்குத் திரும்பக்கூடாது.

பதில் (வவுனியா)

அண்ணா, புகையைவிடக் கசடுத் தூளுக்குத்தான் நான் பயப்படுகிறேன். கையில், சட்டையில் ஒட்டி வீட்டுக்குள் வரும். பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட அதிக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அறிகுறி வெளியே தெரியாமலே. மகனை வேடிக்கை பார்க்கக்கூட நிறுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வெற்றிலையோ தேநீரோ. உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கசடை மூடிய பேணியில் போடுங்கள், கிணற்றடியில் கொட்டாதீர்கள். வலை கோக்கும்போது ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

119 இற்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். வாழைப் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறேன், மகன் அம்மம்மா வீட்டில் இருக்கிறான். சக்கர ஈயத்தைக் கீறிப் பார்த்ததில் முக்கால் கிலோ நாகம். பல்லால் கடிப்பது அப்பாவிடம் பழகியது. இன்றைக்குக் குறடு வாங்கிவிட்டேன்.