இணையப் பக்கத்திலிருந்து எடைமேடை மென்பொருளுக்கு விவரங்களை அனுப்புவது எப்படி?

மணலி_எடைமேடை:
மணலியில் உள்ள கன்டெய்னர் யார்டு ஒன்றில் எடைமேடைக் கணினியைப் பராமரித்து வருகிறேன். லாரியின் பதிவு எண்ணும் கன்டெய்னர் எண்ணும் எங்கள் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே ஏறிவிடுகின்றன. எடையைப் பதிவு செய்வதோ, எடைமேடை இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டைப் படிக்கும் பழைய விண்டோஸ் மென்பொருள். ஊழியர் ஒரு திரையைப் பார்த்து இன்னொரு திரையில் தட்டச்சு செய்வதால், துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இரவுகளில் இலக்கங்கள் இடம் மாறிவிடுகின்றன. முன்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஆக்டிவ்எக்ஸ் (இணையப் பக்கத்திலிருந்து கணினியின் மென்பொருளை இயக்கும் நுட்பம்) மூலம் நடந்த இந்த வேலையைக் குரோமில் எவ்வாறு செய்வது? மென்பொருளின் மூல நிரல் எங்களிடம் உள்ளது.

காசிமேடு_நிரலர்:
ஆக்டிவ்எக்ஸ் குரோமில் இயங்காது. அதற்கு இணையான என்பிஏபிஐ செருகுநிரல்களையும் குரோம் 2015இல் நீக்கிவிட்டது. உங்கள் தேவைக்குத் தனி யூஆர்எல் புரோட்டோகால் (http போல, முகவரியின் தொடக்கத்தில் வரும் உங்களுக்கே உரிய பெயர்) ஒன்றே போதும். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில் அந்தப் பெயரைப் பதிந்து, அதற்குரிய கட்டளையில் மென்பொருளின் பாதையையும், மேற்கோள் குறிகளுக்குள் %1 என்பதையும் (முகவரி வந்து அமரும் இடம் இது) கொடுத்தால், பக்கத்தில் உள்ள இணைப்பை அழுத்தியவுடன் முழு முகவரியும் மென்பொருளுக்கு வந்து சேரும். நடப்புப் பயனருக்கு மட்டும் பதிவதானால் நிர்வாகி அனுமதிகூடத் தேவையில்லை.

சிக்கல் வருவது வேறிடத்தில். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் விண்டோஸ் மென்பொருளைப் புதிதாகத் தொடங்கும். முதல் பிரதி சீரியல் போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இரண்டாவது பிரதியால் அதைத் திறக்க முடியாது. ஆகவே, ஏற்கெனவே ஒரு பிரதி ஓடுகிறதா என்று மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பிரதி மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) கொண்டு பார்த்து, ஓடினால் வந்த விவரத்தை நேம்டு பைப் (மென்பொருள்கள் தமக்குள் விவரம் பரிமாறும் வழி) வழியாக அதனிடம் கொடுத்துவிட்டுப் புதிய பிரதி வெளியேற வேண்டும். கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், அதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.

மணலி_எடைமேடை:
நன்றி ஐயா. எடை எடுத்த பிறகு அந்த அளவு பக்கத்துக்குத் திரும்பி வரவும் வேண்டுமே?

தண்டையார்பேட்டை_வலை:
அதற்குப் பலரும், அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் ஒரு சிறு சர்வரை ஓட்டுகிறார்கள். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பமிட நிறுவும் எம்சைனர் என்ற மென்பொருளும் கணினியிலேயே ஓடித்தான் பக்கத்தோடு பேசுகிறது. ஆனால் அந்தக் கணினியில் திறக்கப்படும் எந்த இணையதளமும் அந்தக் கதவைத் தட்டலாம் என்பதால், ஒவ்வொரு கோரிக்கையிலும் அது எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் தலைப்பைச் சோதிப்பது கட்டாயம். 2019இல் மேக் கணினிகளில் ஜூம் நிறுவிய உள்ளூர் சர்வரால் எழுந்த பாதுகாப்புச் சர்ச்சை இதற்குப் போதிய எச்சரிக்கை. அண்மைய குரோம் பதிப்புகள் இத்தகைய தொடர்புக்குப் பயனரிடம் அனுமதியும் கேட்கின்றன.

என்னைக் கேட்டால், உங்களுக்கு அந்தச் சர்வரே வேண்டாம். இணைப்பில் கன்டெய்னர் எண்ணோடு ஒரே முறை செல்லுபடியாகும் டோக்கன் (ரகசியக் குறியீடு) ஒன்றையும் அனுப்புங்கள். எடை பதிவானதும் மென்பொருள் அந்த டோக்கனுடன் உங்கள் இணைய சர்வருக்கே நேரடியாக எடையை அனுப்பட்டும். பக்கம் அதை அங்கிருந்து எடுத்துக் காட்டினால் போதும்.